பாபநாசம் படித்துறையில் எங்கள் நார்ப்பெட்டிகள்

பனை நாரில் பின்னிய இந்தப் பெட்டிகள் எங்கள் பள்ளிக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று 2025-இன் மூன்று தேசிய விடுமுறைக்கும் ஆற்றில் கிடக்கும் துணியை அள்ள இறக்கிப் பார்த்துவிட்டேன். ஆறு குளம் சுத்தம் செய்யக் கிளம்புகிற ஆசிரியர்களும் இளைஞர்களும் என்ன வாங்குவது, எங்கே வாங்குவது என்று கேட்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் ஆசிரியை. ஏழு வருடமாக என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என்னிடம்தான். காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய திட்டம் இது. அதனாலோ என்னவோ, காந்தி ஜெயந்தி அன்று வீட்டில் இருக்க எனக்கு மனசு வராது. அந்த நாள் காலாண்டு விடுமுறையை ஒட்டி வரும். பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போயிருப்பார்கள். அப்படியும் முப்பது பேராவது வந்து நிற்பார்கள். கொடியேற்றும் நாட்களில் பள்ளியில் மிட்டாய் கொடுத்து முடித்த கையோடு பத்து மணிக்குக் கிளம்புவோம். அக்டோபர் 2 என்றால் காலை ஆறரைக்கே பாபநாசத்தில் இருப்போம்.

அங்கே என்ன வேலை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி சமவெளியைத் தொடும் இடம் பாபநாசம். பாபநாசநாதர் கோயில் படித்துறையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டுக் குளிப்பவர்களில் பலர், உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவமும் தோஷமும் துணியோடு போய்விடும் என்பது நம்பிக்கை. ஆனால் துணி எங்கேயும் போவதில்லை. பத்தடி தள்ளிப் பாறையிலோ மருத மரத்து வேரிலோ சுற்றிக்கொள்கிறது. அதையும் தாண்டிப் போனது கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று அணைக்கட்டு அணைக்கட்டாக இறங்கும். பருத்தி வேட்டியாவது ஒருநாள் மட்கும். பாலியஸ்டர் சேலை மட்காது. தூத்துக்குடி வரைக்கும் மக்கள் குடிக்கிற தண்ணீர் இது.

ஆற்றில் கிடக்கும் சேலையைக் கையால் இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். பழைய பேப்பர் கடை அண்ணாச்சியிடம் வில் தராசு இரவல் வாங்கிப் போய் ஒருமுறை நிறுத்துப் பார்த்தோம். காய்ந்தால் அரைக் கிலோ தாண்டாத சேலை, மண்ணும் நீருமாக மூன்று கிலோவுக்கு மேல் காட்டியது. உள்மடிப்பில் மணல் ஏறி, ஓரத்தில் பாசி பிடித்து, முந்தானை இரண்டு பாறைக்கு நடுவே மாட்டியிருக்கும். இழுத்தால் கிழியும், முழுதாக வராது. ஒருத்தி கீழே குனிந்து விரலால் மணலைத் தோண்டி விடுவிக்க, இன்னொருத்தி மேலிருந்து மெதுவாகச் சுருட்டிக்கொண்டே வர வேண்டும். ஒரு சேலைக்குப் பத்து நிமிடம்கூட ஆகும்.

2024 அக்டோபர் 2 வரை நாங்கள் உரச்சாக்கைத்தான் பயன்படுத்தினோம். சாக்கின் வாய் தானாகத் திறந்து நிற்காது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவே ஒரு ஆள் வேண்டும். பாதி நிறைந்ததுமே அடியில் தண்ணீர் தேங்கி, படியேற்ற நான்கு பேர் தேவைப்படும். இழுத்தால் படியில் உரசிக் கிழியும். கிழிந்த சாக்கிலிருந்து பிளாஸ்டிக் இழை இழையாகப் பிரிந்து அந்த ஆற்றுக்குள்ளேயே போகும். அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. சாந்துச்சட்டியும் எடுத்துப் போய்ப் பார்த்தோம். மூன்று துணி வைத்தாலே நிறைந்துவிடும், தண்ணீர் வடியவும் வழி இல்லை.

அந்த வருடம் காந்தி ஜெயந்தியும் மகாளய அமாவாசையும் ஒரே நாளில் வந்தன. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. இந்தக் கூட்டத்தில் ஆற்றுக்குள் இறங்கி எடுக்க முடியாது, கரையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து, பிள்ளைகளைச் சாக்கோடு வரிசையாக நிறுத்தினேன். "துணியை இதில் போடுங்கள்" என்று அட்டையில் எழுதியும் வைத்தோம். யாரும் போடவில்லை. தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெரியவர் என் மாணவனிடம், "எங்க அப்பாவுக்குன்னு விடுத துணிய குப்பைச் சாக்குல போடச் சொல்லுதியாலே?" என்று சத்தம் போட்டார். பையன் முகம் சுருங்கிப்போனது. அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நான் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. அப்பா நினைவாக விடும் துணியை யூரியா என்று அச்சடித்த சாக்கில் போடச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்?

அதை அடுத்து வந்த பொங்கல் விடுமுறைக்கு நான் பிறந்த ஊருக்குப் போனேன். திசையன்விளை பக்கம், பனங்காட்டு ஊர். எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆச்சி இன்னும் பெட்டி முடைகிறார். சின்ன வயதில் அவர் முடைந்த கொட்டானில்தான் நாங்கள் பனங்கிழங்கு வைத்துத் தின்போம். கடகம் என்கிற பெரிய ஓலைப்பெட்டி எட்டு வேண்டும் என்று கேட்டேன்.

"எதுக்கு தாயி? நெல்லு அள்ளவா, மண்ணு சுமக்கவா?"

"ஆத்துல கெடக்குற ஈரத் துணிய அள்ளணும் ஆச்சி."

"அப்பம் ஓலை வச்ச கடவம் ஆவாது. தண்ணிய உள்ள வாங்கி வச்சிக்கிடும். நார்ப்பெட்டிதான் சரி. கண்ணு விட்டுப் பின்னித் தாரேன், எடுத்த எடுப்புல தண்ணி வடிஞ்சிரும்."

இந்த ஒரு கேள்விக்காகவே கையால் செய்கிறவரிடம் நேரில் போய் வாங்க வேண்டும் என்பேன். கடையில் என்றால் இருக்கிற கடகத்தைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். நானும் தெரியாமல் வாங்கி வந்திருப்பேன்.

அன்று மதியம் அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பச்சை மட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் கருக்கைச் சீவிவிட்டு, நீளவாக்கில் கத்தியை விட்டு நாராகப் பிளக்கிறார். அது தண்ணீரில் ஊறி வளைந்து கொடுக்கும் பதம் வந்த பிறகுதான் பின்னல். நாரின் ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மிதித்துக்கொண்டு, மறுநுனியை இரண்டு கைகளாலும் இழுத்து முறுக்கம் பார்க்கிறார். முறுக்கம் போதாத நாரை மறுபேச்சில்லாமல் தள்ளி வைத்துவிடுகிறார். ஒரு பெட்டிக்கு இரண்டு நாள். குடியரசு தினத்துக்கு முன்னால் நான்குதான் முடிந்தது, மீதி நான்கு மாசியில் வந்து சேர்ந்தது. ஒன்று 250 ரூபாய். பேரம் பேசவில்லை. இரண்டு நாள் உழைப்புக்கு 250 ரூபாய் குறைவுதான் என்பது பொருளியல் நடத்துகிற எனக்குத் தெரியும். காந்தியின் கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய ஜே.சி. குமரப்பாவைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது அவர் பனைவெல்லத்துக்குப் பாடுபட்டதையும் சொல்வேன். காந்தி பிறந்த நாள் வேலைக்குப் பனைத் தொழில் செய்கிற ஒரு ஆச்சி கையால் செய்த பெட்டியோடு போவது எனக்குப் பிடித்திருந்தது.

பெட்டியின் வாய் ஒன்றரை அடி, உயரம் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட. காலியாக இருந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரு கையில் இரண்டு தூக்கும். வாய் எப்போதும் திறந்தே நிற்பதால் பிடிக்க ஆள் வேண்டாம். ஆழமில்லாத இடத்தில் ஒரு பாறை மேல் வைத்துவிட்டுச் சுற்றி நின்று துணியைப் போட்டுக்கொண்டே இருக்கலாம். நிறைந்ததும் தூக்கினால் பின்னலில் விட்ட கண் வழியாகத் தண்ணீர் சரசரவென்று கொட்டும். ஐந்து நிமிடம் படியில் வைத்துவிட்டுத் தூக்கினால் கனம் பாதியாகத் தெரியும். இரண்டு பிள்ளைகள் பெட்டியின் காதை, அதாவது கைப்பிடியை, ஆளுக்கொன்றாகப் பிடித்துப் படியேற்றிவிடலாம். ஆச்சி நாரிலேயே காது வைத்திருந்தார். ஈரக் கையில் அது அறுத்ததால் பருத்திக் கயிறு மாற்றிக் கட்டினோம்.

சாக்கோடு போன நாட்களில் மதியத்துக்குள் பிள்ளைகள் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெட்டி வந்த பிறகு அதே பிள்ளைகள் "இன்னும் ஒரு பெட்டி டீச்சர்" என்று திரும்பத் திரும்ப இறங்குகிறார்கள். இந்த காந்தி ஜெயந்தி அன்று 31 பெட்டி நிறைத்தோம். அதற்கு முந்தைய வருடம் 14 சாக்கு, அதுவும் பாதி பாதி.

என்னை இப்படி உட்கார்ந்து எழுத வைத்தது அது மட்டும் இல்லை. ஆகஸ்ட் 15 அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆடி அமாவாசை முடிந்து மூன்று வாரம். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வந்த கூட்டமும், பாபநாசத்துக்கு வந்த கூட்டமும் விட்டுப்போன துணி கீழ்ப்படிகளில் அடுக்கடுக்காகக் கிடந்தது. நாங்கள் அதை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பம் குளித்து முடித்துக் கரையேறியது. ஒரு அம்மா தன் பழைய சேலையைச் சுருட்டி ஆற்றில் விடப் போனார். சத்தம் வாங்கிய அதே மாணவன் பக்கத்தில் நின்றான், கையில் காலிப் பெட்டி. சாக்கு இல்லை, அட்டை இல்லை. பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, "அக்கா, இதுல வைங்க" என்றான். போடுங்க என்று சொல்லவில்லை, வைங்க என்றான். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை அது. அந்த அம்மா பெட்டியைப் பார்த்தார். ஆற்றுத் தண்ணீரை மூன்று முறை கையால் அள்ளிச் சேலை மேல் தெளித்துவிட்டு, பெட்டிக்குள் மெதுவாக வைத்தார். கூட வந்தவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள். கடைசியில் ஒரு தாத்தா தோளில் கிடந்த துண்டையும் வைத்துவிட்டு, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சீர் கொண்டு போகவும், பணியாரம் கொடுத்துவிடவும், கருப்பட்டி வைக்கவும் நம் பக்கத்தில் காலங்காலமாகப் புழங்கியது ஓலைப்பெட்டியும் நார்ப்பெட்டியும்தான். அதைக் குப்பைத்தொட்டி என்று யாரும் நினைப்பதில்லை. சாக்கு வைத்திருந்தபோது நாங்கள் சுத்தம் செய்ய வந்தவர்கள். பெட்டி ஏந்தியபோது அவர்களுடைய சடங்கில் ஒரு ஓரமாக எங்களுக்கும் இடம் கிடைத்தது. ஆற்றில் விழுந்த பிறகு பத்து நிமிடம் போராடி எடுக்கும் சேலையை, விழும் முன்னாலேயே வாங்கிக்கொள்ள முடிகிறது. காந்தி ஜெயந்தி அன்று நான்கு பெட்டியை ஆற்றுக்குள் வேலைக்கும், நான்கை மேல்படியில் ஏந்தி நிற்கவும் பிரித்துக்கொண்டோம். விஜயதசமியும் சேர்ந்து வந்ததால் நல்ல கூட்டம். எல்லோரும் வைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆற்றில்தான் விட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்கள் உண்டு, அவர்களோடு வாக்குவாதம் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஆனால் மேல்படிப் பெட்டிகள் மட்டுமே ஒன்பது முறை நிறைந்தன. 31-இல் ஒன்பது பெட்டித் துணி ஆற்றைத் தொடவே இல்லை.

குறைகளும் இருக்கின்றன. வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதுப் பெட்டியின் விளிம்பில் நார் முனை கத்தி மாதிரி இருக்கும். முதல் நாளே இரண்டு பேருக்கு விரலில் கீறல். பழைய வேட்டிக் கரையைப் பட்டையாகக் கிழித்து விளிம்பைச் சுற்றித் தைத்துவிட்டோம், அதன் பிறகு பிரச்சினை இல்லை. இதை நீங்கள் முதலிலேயே செய்துவிடுங்கள். அடிப்பாகம்தான் பெரிய பலவீனம். கருங்கல் படியில் வைத்து வைத்து எடுப்பதால் நார் தேய்கிறது. எட்டில் இரண்டு பெட்டி அடி மூலையில் பிரிந்துவிட்டது. இரண்டுமே பிள்ளைகள் கனம் தாங்காமல் படியில் இழுத்தவை. இழுக்காமல் தூக்கினால் இன்னும் ஒரு வருடம் தாராளமாக வரும்.

ஈரத்தோடு மூடி வைக்கக் கூடாது. குடியரசு தினத்துக்குப் பிறகு அவசரத்தில் பள்ளி ஸ்டோர் ரூமில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் கரும்பூஞ்சையும் ஒரு மக்கிய வாடையும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி மீட்டோம். இப்போது வேலை முடிந்ததும் ஓடும் தண்ணீரில் அலசி, நிழலில் கவிழ்த்துத் தொங்கவிடுகிறோம். உச்சி வெயிலில் காய வைத்தால் நார் முறுகி உடையும் என்று ஆச்சி சொல்லியிருந்தார்.

கண்ணாடிச் சில்லுக்கும் பாட்டிலுக்கும் இது ஆகாது. சின்னச் சில்லு கண் வழியாகக் கீழே விழுந்து, பின்னால் வருகிற பிள்ளையின் காலைப் பதம் பார்க்கும். அதற்கு ஒரு பழைய எண்ணெய் டின் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஷாம்பு கவரும் எண்ணெய் பாக்கெட்டும் கண்ணில் நழுவும், அவற்றுக்குச் சின்ன ஓலைக் கொட்டான் போதும். ஆன்லைனில் வாங்கிய ரப்பர் கையுறை ஒரு மணி நேரத்தில் விரல் பிய்ந்துவிட்டது. கட்டட வேலைக்காரர்கள் போடும் துணிக் கையுறைதான் தாங்கியது.

பெட்டியை விடப் பெரிய விஷயம், எடுத்த துணியை என்ன செய்வது என்பது. ஆகஸ்டில் துணியை ஏற்றிப் போக வருவதாகச் சொன்ன டிராக்டர்காரர் மாலை நான்கு மணி வரை வரவில்லை. குவியலைக் கரையில் விட்டுவிட்டு வந்தால் ஒரு மழைக்கு மறுபடியும் ஆற்றுக்குள் போய்விடும் என்பதால், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் உடற்கல்வி ஆசிரியரும் இருட்டும் வரை காவல் இருந்தோம். வண்டி உறுதியாகாமல் துணியை எடுக்கத் தொடங்காதீர்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் பிள்ளைகளை இறக்காதீர்கள், மேலே அணையில் திறந்தால் சட்டென்று ஏறும் ஆறு இது. பெற்றோர் கையெழுத்தும், நீச்சல் தெரிந்த பெரியவர் இரண்டு பேரும், ஒரு நீளக் கயிறும் இல்லாமல் நாங்கள் போவதில்லை.

பெட்டிக்கான செலவை ஒவ்வொரு பள்ளியும் எப்படிச் சமாளிக்கும் என்று கேட்டால், என் அனுபவத்தில் தேசிய விடுமுறை நிகழ்ச்சி என்றதும் உதவ முன்வருகிறவர்கள் பேர் அச்சடித்த தொப்பியும் பனியனும்தான் தருகிறோம் என்பார்கள். நாற்பது பனியன் காசுக்கு எத்தனையோ நார்ப்பெட்டி வரும் என்று நான் இப்போது தயங்காமல் கேட்டுவிடுகிறேன். இந்த முறை ஒரு நகைக்கடைக்காரர் சரி என்று ஒத்துக்கொண்டார். பெட்டியில் பேர் எழுத வேண்டாம் என்றும் அவரே சொன்னார்.

தை அமாவாசை 2026-இல் ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு அடுத்த வாரம் குடியரசு தினம். இரண்டுக்கும் சேர்த்து இன்னும் பன்னிரண்டு பெட்டி வேண்டும். போன வாரம் ஊருக்குப் போனபோது பிரிந்துபோன இரண்டு பெட்டியையும் கையோடு எடுத்துப் போய் ஆச்சியிடம் காட்டினேன். கவிழ்த்துப் போட்டு அடியைத் தடவிப் பார்த்தார். எந்தப் படியில் வைத்தோம், எத்தனை பேர் தூக்கினோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அடிக்கு மட்டும் ரெட்டை நார் போட்டுத் தாரேன் தாயி. முப்பது ரூவா கூட வரும்" என்றார்.

ஐம்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள் ஆச்சி என்று சொல்லி, பன்னிரண்டுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூடச் சேர்த்துக்கொண்டு மார்கழிக்குள் முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.